டாக்டர்களும் நர்ஸ்களும் ஏன் கையைச் சுத்தம் செய்யத் தவறுகிறார்கள்?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பா ஐசியூவில் இருந்தபோது டாக்டர்கள் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கையைத் துடைக்காமலேயே போனதைப் பார்த்திருக்கிறீர்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் அலட்சியமா, நாமே நேரடியாகக் கேட்கலாமா என்கிறீர்கள். நான் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன், தினமும் மல்லுக்கட்டுவதே இந்த விஷயத்தோடுதான். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கை வழியாகக் கிருமி பரவுமா என்று எந்த ஹவுஸ் சர்ஜனை எழுப்பிக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வார். ஆனால் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால், இதைச் சரிசெய்யும் வழியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினையின் அளவு. நீங்கள் பார்த்தது ஏதோ ஒரு மோசமான ஆஸ்பத்திரியின் கதை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கைச் சுகாதாரத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிறப்பு முயற்சி எதுவும் தொடங்காத ஆஸ்பத்திரிகளின் சராசரி 38.7 சதவீதம்தான். கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டிய நூறு தருணங்களில் நாற்பது கூட இல்லை. 2010-இல் வசதியான நாடுகளின் 96 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய இன்னொரு தொகுப்பும் ஏறக்குறைய அங்கேயேதான் வந்து நின்றது: மொத்தத்தில் 40 சதவீதம், நர்ஸ்கள் 48, டாக்டர்கள் 32. ஆமாம், டாக்டர்கள்தான் குறைவு. அந்த வித்தியாசம் நாடு மாறினாலும் திரும்பத் திரும்ப வருகிறது, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இதனால் என்ன நஷ்டம் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி உடனடிச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளில் சேரும் ஒவ்வொரு நூறு பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும், வந்த நோய் போதாதென்று உள்ளே வைத்தே புதிதாக ஒரு தொற்று ஏற்படுகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். எல்லாத் தொற்றும் கையால் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் சிறுநீர்க் குழாய், பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர், அறுவைக் காயம் என்று கிருமி உள்ளே நுழையும் வாசல் எதுவாக இருந்தாலும், அந்த வாசல் வரை அதைக் கொண்டுவந்து விடுவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கைதான்.

அந்த 2010 தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு எண். நோயாளியைத் தொட்ட பிறகு கையைச் சுத்தம் செய்தவர்கள் 47 சதவீதம். தொடுவதற்கு முன்னால் செய்தவர்கள் 21 சதவீதம். அதே மனிதர்கள், அதே வார்டு, அதே பாட்டில். அறிவு இல்லை என்றால் இரண்டுமே குறைவாக இருந்திருக்க வேண்டும், சோம்பேறித்தனம் என்றாலும் அப்படியே. முன்னும் பின்னும் இப்படி இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறதென்றால் உள்ளே வேறு ஏதோ வேலை செய்கிறது. அது தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வு. பிசுபிசுப்பாக எதையாவது தொட்டால், ரத்தம் பட்டால், அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களைத் தொட நேர்ந்தால், யாரும் சொல்லாமலே கை தண்ணீரைத் தேடும். இது சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிப்போன அருவருப்பு, மருத்துவக் கல்லூரி கற்றுக்கொடுத்தது அல்ல. நாடி பிடிப்பது, பிபி பார்ப்பது, கட்டில் கம்பியை நகர்த்துவது, டிரிப்ஸ் வேகத்தை மாற்றுவது இவையெல்லாம் அந்த அருவருப்பை எழுப்புவதில்லை. கை சுத்தமாக இருப்பது போலத் தெரிகிறது, பளிச்சென்று உலர்ந்து இருக்கிறது, ஒன்றும் உறுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் நர்ஸ்களிடம் பேசி இதை ஆராய்ந்தவர்கள் 2006-இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாகவே எழுதினார்கள்: தானாக வரும் கழுவல் ஒன்று, யோசித்துச் செய்ய வேண்டிய கழுவல் இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது. மனிதர்களுக்குச் சுலபமாக வருவது முதலாவது.

கொரோனா காலம் இதற்குப் பெரிய சாட்சி. சிக்காகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் கை சுத்தம் செய்யும் திரவம் தரும் டிஸ்பென்சர்களை மின்னணுக் கருவி மூலம் கணக்கெடுத்துவந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் கைச் சுத்தம் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆகஸ்ட்டில் அது 50-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. பயிற்சி மாறவில்லை, போஸ்டர் மாறவில்லை. தனக்கு வந்துவிடுமோ என்ற பயம் ஏறியபோது எண்ணும் ஏறியது, பயம் பழகிப்போனதும் இறங்கியது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நோயாளிக்கு வந்துவிடுமே என்ற எண்ணத்துக்கு அந்த வேகம் தானாக வருவதில்லை, அதை நாம்தான் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், தவறு செய்தவருக்கு அந்தத் தவறு தெரிவதே இல்லை. தப்பான மருந்து கொடுத்தால் சில நிமிடத்தில் நோயாளி காட்டிக்கொடுத்துவிடுவார். கை துடைக்காமல் லைனைத் தொட்டால் அன்றைக்கு ஒன்றுமே ஆகாது. காய்ச்சல் இரண்டு, மூன்று நாள் கழித்து வரும், அதற்குள் அந்தப் படுக்கையைப் பல கைகள் தொட்டிருக்கும். எந்தக் கை, எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான முறை கை துடைக்காமல் தொட்டாலும் தொற்று வருவதும் இல்லை. ஆக ஒரு டாக்டர் முப்பது வருட சர்வீஸில் தன் கையால் ஒருவருக்குத் தொற்று வந்ததை ஒரு தடவை கூடக் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெறலாம். "நான் இவ்வளவு காலமாக இப்படித்தான் ரவுண்ட்ஸ் போகிறேன், என் பேஷண்டுக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று மூத்தவர்கள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அனுபவம் பாடம் சொல்லித் தரும் என்று நம்பி இருக்க முடியாத விஷயம் இது, அதனால்தான் வெளியிலிருந்து கணக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

வேலைப்பளு பற்றிச் சொல்லாமல் நர்ஸ்களைக் குறை சொன்னால் அது அநியாயம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற தொற்றுத் தடுப்பு நிபுணரின் குழு 1990-களில் எடுத்த கணக்கில், குழந்தைகள் வார்டில் ஒரு மணி நேரப் பராமரிப்பில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் சுமார் 8, அங்கே 59 சதவீதம் கடைப்பிடித்தார்கள். ஐசியூவில் அதே ஒரு மணி நேரத்தில் அது சுமார் 20, அங்கே 36 சதவீதம்தான். எந்த இடத்தில் நோயாளி மிகப் பலவீனமாக இருக்கிறாரோ, எந்த இடத்தில் குழாய்கள் அதிகமோ, அங்கேதான் கைச் சுத்தம் மிகக் குறைவு. அங்கே வேலை செய்பவர்கள் மோசமானவர்கள் என்பதாலா? மணிக்கு இருபது தடவை என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை. தண்ணீரும் சோப்பும் வைத்து முறையாகக் கழுவித் துடைக்க 40 முதல் 60 விநாடி ஆகும், சிங்க் வரை நடக்கும் நேரம் தனி. 1997-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 12 பேர் வேலை பார்க்கும் ஓர் ஐசியூவில் எல்லோரும் நூறு சதவீதம் சோப்பு போட்டுக் கழுவினால் ஒரு பகல் ஷிஃப்ட்டில் 16 மணி நேர நர்சிங் உழைப்பு அதற்கே போய்விடும். படுக்கை அருகிலேயே ஆல்கஹால் ஹேண்ட் ரப் (சானிடைசர்) இருந்தால் 3 மணி நேரம் போதும். அதாவது பழைய முறையில் விதியை முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால் இரண்டு நர்ஸ்கள் ஷிஃப்ட் முழுக்க வேறு வேலையே பார்க்காமல் கை மட்டும் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். நடக்கவே முடியாத ஒன்றை விதியாக எழுதி வைத்துவிட்டு, மீறியவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஷிஃப்ட் நேரமும் ஒரு காரணம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவுகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், 12 மணி நேர ஷிஃப்ட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் கைச் சுத்தம் எட்டுப் புள்ளிக்கும் மேல் குறைந்தது. களைத்த மனது அவசரமாகத் தெரிகிற வேலையைத்தான் முதலில் பிடிக்கும்.

ஹேண்ட் ரப் வந்த பிறகுதான் இந்த விஷயத்தில் உண்மையான முன்னேற்றமே சாத்தியமானது, அதனால் அதைப் பற்றி இருக்கும் சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். "சோப்பு போட்டால்தான் சுத்தம், இது சும்மா அவசரத்துக்கு" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஊழியர்களிலேயே பலர் அப்படி நினைக்கிறார்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இல்லை என்றால் ஆல்கஹால்தான் கூடுதலாகக் கிருமியைக் குறைக்கிறது, குறைந்த நேரத்திலும் குறைக்கிறது. 2002-இல் பிரான்ஸில் வழக்கமான பராமரிப்பின் நடுவே ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆல்கஹால் தேய்த்தவர்கள் கையில் கிருமி 83 சதவீதம் குறைந்தது, மருந்து கலந்த சோப்பால் கழுவியவர்கள் கையில் 58. ஆல்கஹால் 60 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் நன்றாக வேலை செய்யும். முழு ஆல்கஹால் இதைவிடக் கொல்லும் என்று நினைப்பது தவறு, கிருமியின் புரதத்தைச் சிதைக்க அதற்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் எந்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலும் தயாரித்துக்கொள்ளும்படி இரண்டு கலவைகளை வெளியிட்டிருக்கிறது, ஒன்று 80 சதவீத எத்தனால், மற்றது 75 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டிலும் கொஞ்சம் கிளிசரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும். விதிவிலக்கும் உண்டு: கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது, நோரோ வைரஸிலும் அதன் பலம் குறைவு. அப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

தோல் எரிகிறது என்ற புகாரை நான் ஒருபோதும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். ஒரு ஷிஃப்ட்டில் பலமுறை கை கழுவும் நர்ஸின் விரல் மூட்டுகள் வெடித்துச் சிவந்து கிடக்கும், அந்தக் கையில் ஆல்கஹால் பட்டால் உயிர் போகும். ஆனால் அந்த வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் சோப்புதான், ஆல்கஹால் அதை உணர்த்துகிறது, அவ்வளவே. கிளிசரின் சேர்த்த நல்ல ஹேண்ட் ரப், சோப்பை விடத் தோலுக்கு இதமானது. சோப்பு போட்டுக் கழுவிய கையோடு உடனே ஹேண்ட் ரப்பும் போடுவது, கை ஈரமாக இருக்கும்போதே கிளவுஸ் மாட்டுவது, இந்த இரண்டு பழக்கமும் தோலை இன்னும் கெடுக்கின்றன. நிர்வாகம் மலிவான ஹேண்ட் ரப்பை வாங்கிப் போட்டுவிட்டு ஊழியர்கள் பயன்படுத்தவில்லை என்று குறைப்படுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது. வாங்குவதற்கு முன்னால் அதைத் தினமும் தேய்க்கப்போகிறவர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கிளவுஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவினர்கள் இதைப் பார்த்துத்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கையில் கிளவுஸ் இருந்தால் சுத்தமாக இருக்கிறார் என்று தோன்றும். அதே கிளவுஸோடு மூன்று படுக்கை போனால், கழுவாத கையோடு போவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, இன்னும் மோசம் என்று கூடச் சொல்லலாம், ஏனென்றால் கையில் ஈரமோ பிசுபிசுப்போ பட்டால் வரும் அந்த இயற்கையான உறுத்தலையும் கிளவுஸ் மறைத்துவிடுகிறது. பிரிட்டனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கிளவுஸ் போட்ட தருணங்களில் கைச் சுத்தம் சுமார் 41 சதவீதம், போடாத தருணங்களில் 50. கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போது கையில் ஒட்டும். போடுவதற்கு முன்னாலும் கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

இப்போது டாக்டர்கள் விஷயம். நர்ஸ் ஒரு சில நோயாளிகளோடு ஷிஃப்ட் முழுவதும் இருக்கிறார். டாக்டர் ரவுண்ட்ஸில் ஒவ்வொருவரிடமும் சில நிமிடம் நின்று, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகர்கிறார். நியாயமாகப் பார்த்தால் வார்டில் எல்லாப் படுக்கையையும் தொடும் ஒரே கை அதுதான், அதனால் ஆபத்தும் அங்கேதான் கூடுதல். ஜெனீவாவில் 163 டாக்டர்களைக் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தம் 57 சதவீதம் வந்தது, ஆனால் பிரிவுக்குப் பிரிவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: பொது மருத்துவத்தில் 87, மயக்க மருந்துப் பிரிவில் 23. யார் கடைப்பிடித்தார்கள் என்று பார்த்தால், தன்னை மற்றவர்கள் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று நம்பியவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஹேண்ட் ரப் இருந்தவர்கள், யாரோ கவனிக்கிறார்கள் என்று உணர்ந்தவர்கள்.

முன்மாதிரி என்பதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறையில் தன்னைவிட மூத்தவரோ தனக்குச் சமமானவரோ கையைச் சுத்தம் செய்யாமல் இருந்தால் கூட இருப்பவர்களும் செய்வது வெகுவாகக் குறைந்தது. ரவுண்ட்ஸை நினைத்துப் பாருங்கள். முன்னால் சீஃப், பின்னால் அசிஸ்டென்ட், பிஜி மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், சிஸ்டர். சீஃப் கையைத் துடைக்காமல் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டால், பின்னால் இருப்பவர் பாட்டிலை அழுத்த நின்றால் பின்தங்கிவிடுவார், கேட்ட கேள்வி காதில் விழாது, சீஃபுக்குப் பாடம் எடுப்பது போலவும் இருக்கும். அதனால் அவரும் துடைக்க மாட்டார். ஐந்து வருடம் கழித்து அவர் சீஃப் ஆவார். புத்தகத்தில் படித்தது பரீட்சையோடு போய்விடும், முன்னால் நடந்தவரின் கை என்ன செய்தது என்பதுதான் மனதில் நிற்கும். ஒரு வார்டை மாற்ற எனக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால், நான் அந்த சீஃபைத்தான் கேட்பேன். சீஃப் ஒவ்வொரு படுக்கையிலும் நின்று தேய்த்தால் பின்னால் வருபவர்களும் நிற்பார்கள், அதற்கு ஒரு சுற்றறிக்கையும் தேவைப்படாது.

இந்த இடத்தில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய மருத்துவரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் வழக்கமாகச் சொல்லும் பாதியை மட்டும் இல்லை. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846-இல் மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் தாய்மார்கள் இறப்பு 11 சதவீதத்துக்கு மேல், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் 3 சதவீதத்துக்கும் கீழே. மாணவர்கள் பிரேதப் பரிசோதனை முடித்து அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள், மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை இல்லை. 1847 மே நடுவில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2, ஜூலையில் 1.2 என்று இறங்கியது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பலமான ஆதாரம் கையில் இருந்தும் அவரால் சக மருத்துவர்களை மாற்ற முடியவில்லை. அன்றைக்குக் கிருமிக் கொள்கை இன்னும் வரவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவர் கண்டுபிடிப்பை ஒழுங்காக எழுதி வெளியிடவே 1861 வரை ஆனது, அதன் பிறகு எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். 1865-இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அவர் கோபம் முழுக்க நியாயமானது, செத்துப்போன பெண்களை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் அந்தக் கோபத்தால் ஒரு கை கூடக் கூடுதலாகக் கழுவப்பட்டதாகத் தெரியவில்லை. "உன் கைதான் கொன்றது" என்று சொன்னால், கேட்பவர் முதலில் தன்னைத் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இன்றைக்கும் நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதி அவமானப்படுத்தும் நிர்வாகங்களைப் பார்க்கிறேன். அதனால் நடப்பதெல்லாம், கணக்கெடுக்க வருபவரைப் பார்த்ததும் எல்லோரும் பாட்டிலை நோக்கி ஓடுவதுதான்.

கணக்கெடுப்பு பற்றி இன்னொன்று. எங்கள் ஆஸ்பத்திரியில் 95 சதவீதம் என்று யாராவது சொன்னால் முதலில் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். டொரொண்டோவில் 2014-இல் வெளியான ஆய்வில், கணக்கெடுப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கும்போது, டிஸ்பென்சர்களை அழுத்துவது வழக்கத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு உயர்ந்தது. அப்படி வந்த எண்ணை வைத்துப் பாராட்டு விழா நடத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வார்டுக்கு எத்தனை லிட்டர் ஹேண்ட் ரப் செலவானது என்று நோயாளி எண்ணிக்கையோடு வகுத்துப் பார்ப்பது கொஞ்சம் முரட்டுக் கணக்குதான், எந்தத் தருணத்தில் தவறினார்கள் என்று அது சொல்லாது, ஆனால் நடிக்காது. என்னைக் கேட்டால் உண்மையான 45, பொய்யான 95-ஐ விட எவ்வளவோ மேல். 45 என்று தெரிந்தால் அந்த வார்டில் எந்த இடத்தில் பாட்டில் இல்லை, எந்த ஷிஃப்ட்டில் ஆள் இல்லை என்று தேடிப் போகலாம்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். மேலே சொன்ன ஜெனீவா மருத்துவமனை 1994 முதல் 1997 வரை செய்தது இதுதான்: படுக்கைக்குப் படுக்கை ஹேண்ட் ரப், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் சின்ன பாட்டில், ஊழியர்களே பேசி வடிவமைத்த போஸ்டர்கள், திரும்பத் திரும்ப எடுத்த கணக்கு, அதை அவர்களிடமே திருப்பிக் காட்டுவது, இத்தனைக்கும் பின்னால் மேல்மட்ட நிர்வாகத்தின் வெளிப்படையான ஆதரவு. 48 சதவீதம் 66 ஆனது. ஆஸ்பத்திரித் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு வந்தது. ஆனால் அங்கேயும் முன்னேறியவர்கள் நர்ஸ்களும் நர்சிங் உதவியாளர்களும்தான், டாக்டர்கள் பெரிதாக அசையவில்லை என்று அவர்களே நேர்மையாக எழுதிவைத்தார்கள். இதிலிருந்துதான் பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டமும் வளர்ந்தது. நோயாளியைத் தொடும் முன், ஊசி, லைன் போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்களை அது வகுத்தது. 2009 முதல் ஒவ்வொரு மே 5-ஆம் தேதியும் அதை நினைவுபடுத்தவே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள்.

போஸ்டரில் எழுதும் வாசகம் கூட விஷயம்தான். 2011-இல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கைச் சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்று ஒரு பலகையும், நோயாளிகளைக் காக்கும் என்று இன்னொரு பலகையும் வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகளைச் சொன்ன பலகை இருந்த இடத்தில்தான் பயன்பாடு கூடியது. "உனக்கு வந்துவிடும்" என்பது நீண்ட நாள் ஊழியரிடம் எடுபடுவதில்லை, இத்தனை வருடம் எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று அவருக்குத் தோன்றும். நோயாளி என்று சொன்னதும் நிற்கிறார்கள். அலட்சியமானவர்கள் என்றால் இப்படி நடந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

செய்யும் விதத்திலும் குறை உண்டு. உள்ளங்கையை மட்டும் இரண்டு தேய் தேய்த்துவிட்டுப் போவார்கள், விரல் நுனியும் கட்டைவிரலும் விரல் இடுக்கும் விட்டுப்போகும், நோயாளியை முதலில் தொடுவதோ விரல் நுனி. உள்ளங்கை நிறைய எடுத்து, காயும் வரை, 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கும், நகம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது, ஒட்டு நகம் கூடவே கூடாது. தேய்த்து முடித்த கையோடு மொபைலை எடுத்துப் பார்த்துவிட்டு நோயாளியைத் தொட்டால் செய்ததெல்லாம் வீண், இது இப்போது எல்லா வார்டிலும் நான் பார்க்கும் புது வியாதி.

சரி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. கேட்கலாம், கேளுங்கள். பெரும்பாலான நோயாளிகள் நர்ஸிடம் கேட்கத் துணிகிறார்கள், டாக்டரிடம் தயங்குகிறார்கள், கோபித்துக்கொண்டு சிகிச்சையில் காட்டிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. படுக்கையில் கிடப்பவர் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டுவது சரியும் இல்லை, இது ஆஸ்பத்திரியின் வேலை. ஆனால் அருகில் நீங்கள் இருந்தால், அவர் அப்பாவைத் தொடுவதற்கு முன்னால் "டாக்டர், சானிடைசர் இங்கே இருக்கு" என்று பாட்டிலை எடுத்து நீட்டுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், மறந்துபோனதை எடுத்துக்கொடுப்பது போலச் சொன்னால் போதும், நிறையப் பேர் நன்றி சொல்லிவிட்டுத் தேய்ப்பார்கள். தொட்ட பிறகு சொல்லிப் பயனில்லை, அது அடுத்த படுக்கைக்காரருக்கு உதவும், உங்கள் அப்பாவுக்கு உதவாது. நீங்களும் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் தேய்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தலையணை சரிசெய்யப் போனால் போகும் முன்னும் வந்த பின்னும். அப்புறம் பாட்டில் காலியாக இருந்தாலோ பம்ப் வேலை செய்யவில்லை என்றாலோ உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் இல்லையென்றால் தொற்றுத் தடுப்பு நர்ஸ் யார் என்று கேட்டு அவரிடம் சொல்லுங்கள். நாங்கள் அங்கே இருப்பதே அதற்காகத்தான், காலி பாட்டில் எந்தப் படுக்கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.